நடக்கும் முன்னே எழுதிய செய்தி

என் கடைசித் தம்பிக்கு மூன்று பெண்கள். மூத்தவள் மாமியார் வீட்டோடு ஒட்டிப் போனாள். இரண்டாமவள் நர்ஸ் வேலைக்குக் கடல் தாண்டினாள். கடைக்குட்டிதான் துருவி. அது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கிருந்து வந்தீர்கள், எதற்கு வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பாள். அதனால் என் மகன் வைத்த பெயர். அவனுக்கு அவள் மாமன் மகள், அவளுக்கு அவன் அத்தான். முறை இருந்தது, ஒரு காலத்தில் கல்யாணப் பேச்சும் இருந்தது.

"இவளைக் கட்டினா பதில் சொல்லியே செத்துடுவேன்" என்று அவன் சொல்லிவிட்டான்.

"அத்தான் சொல்ற பதில்ல ஒரு பத்திகூடத் தேறாது" என்று அவளும் சொல்லிவிட்டாள்.

அவன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். இவள் கட்டிக்கொள்ளவே இல்லை. தம்பி காலமான பிறகு எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். ஒரு மேஜை, ஒரு பழைய டைப்ரைட்டர், கால் வைக்க இடமில்லாமல் காகிதம். கூட்டப் போனால் "அத்தை, அது குப்பை இல்ல" என்பாள். எது குப்பை என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

பத்திரிகைகளுக்கு எழுதினாளே தவிர, எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இருந்தவள் இல்லை. இந்தப் பிழைப்பில் மாதச் சம்பளம் கிடையாது, உட்கார நாற்காலி கிடையாது. எழுதியது அச்சேறினால் கூலி, ஏறாவிட்டால் அடுப்புக்கு ஆகும். அதனால் எது வந்தாலும் எழுதுவாள். பெண்கள் வாரப் பத்திரிகையில் வீட்டுக் குறிப்பு சொன்ன அனுபவசாலி இல்லத்தரசி இவள்தான். துணியில் மைக்கறை போக எலுமிச்சை தேய்க்கச் சொல்வாள். இவள் துணியில் இருந்த மைக்கறையோ எதற்கும் அசைந்ததில்லை. ஜோசியர் படுக்கையில் விழுந்த மாதம் ராசிபலனும் இவளே எழுதினாள். என் மகன் ராசிக்கு வாராவாரம் நாவடக்கம் நன்மை தரும் என்றே வந்தது. "கிரகம் பூரா நம்ம மாடிக்குக் குடிவந்துடுச்சு" என்றான் அவன். பிறகு வீடு கட்டிக் கொழுத்த ஒரு காண்டிராக்டர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதாவது, அவர் சாய்வு நாற்காலியில் படுத்துப் பேசினார், இவள் எழுதினாள், அட்டையில் அவர் படம். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற சீட்டு, பள்ளிக்கூட ஆண்டு மலர், செத்துப்போன பெரிய மனிதருக்கு நாலு வரிப் புகழ், எல்லாம் அந்த டைப்ரைட்டரில் இருந்து வந்தவைதான். செய்தி எழுதினாலும் மேலே "நமது நிருபர்" என்றுதான் போடுவார்கள்.

அந்தத் தொழிலில் வெளியாருக்குத் தெரியாத ஒரு வழக்கம் உண்டு. நகரத்தைத் தாண்டிப் போகிற பதிப்பு சாயங்காலமே அச்சு மிஷினில் ஏறிவிடும். மாலையில் நடக்கிற கூட்டத்தைப் பார்த்து, திரும்பி வந்து எழுத நேரம் இராது. ஆகவே மத்தியானமே, எல்லாம் நடந்து முடிந்ததாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். யார் பேசினார், என்ன பேசினார் என்பதுகூட அதில் இருக்கும். நடந்ததும் ஒரு போன். சரி என்றால் போடுவார்கள். இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம் என்கிற விஷயமாக இருந்தால், ஆனது என்று ஒன்றும் ஆகவில்லை என்று ஒன்றும் எழுதிக் கொடுப்பார்கள். எது நடக்கிறதோ அது அச்சுக்கு, மற்றது கூடைக்கு. துருவி எப்போதும் இரண்டு எழுதுகிறவள்.

என் மகன் வேலை பார்த்த நூற்பாலையில் அப்போது வேலைநிறுத்தம். ஓர் ஆள் இரண்டு மிஷின் பார்த்த இடத்தில் நாலு பார்க்க வேண்டும் என்றது நிர்வாகம். முடியாது என்று எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். வாரக்கணக்கில் சங்கு ஊதவில்லை. நிர்வாகம் ஒரு வழி மட்டும் திறந்து வைத்திருந்தது. உள்ளே வர விரும்புகிறவன் கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம். நாலு மிஷினுக்குச் சம்மதம், சங்கத்தோடு இனி சம்பந்தம் இல்லை என்று எழுதியிருக்கும். பாதிப் பேர் போட்டுவிட்டால் போதும், மீதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதனால்தான் ஒருவனும் போடவில்லை. கேட்டுக்கு எதிரே கொட்டகை போட்டு, முறை வைத்துக் காவல் இருந்தார்கள்.

தொழிலாளர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை என்று நாள் குறித்தார்கள். அன்று காலை என் மகன் மாடிப்படியில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டான்.

"துருவி, இன்னைக்கு முடிஞ்சிடும்."

"யார் சொன்னா?"

"தலைவரே சொன்னார். பழைய கணக்கே இருக்கட்டும்னு மேனேஜர் இறங்கி வந்துட்டாராம்."

"எழுதிக் கொடுத்தாரா?"

"ஆரம்பிச்சுட்டியா. மனுஷன் முகத்தைப் பார்த்தேன், தெரிஞ்சுது. உனக்கு முகத்துக்கும் ரசீது வேணும்."

அவன் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. கன்னம் ஒட்டிப்போன முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே அவள் மேலே போனாள். மதியத்துக்குள் செய்தியை அடித்துவிட்டாள். ஆனது என்று ஒன்றே ஒன்று. காண்டிராக்டர் புத்தகத்துக்கு அச்சுத் திருத்தம் அவசரமாக இருந்தது, நேரமில்லை என்று பிறகு சொன்னாள். அதுவும் உண்மைதான். ஆனால் முறிந்தது என்று அடிக்க அவளுக்கு அன்றைக்கு விரல் வரவில்லை. எனக்குத் தெரியும், நான் பார்க்க வளர்ந்த பிள்ளை.

பத்திரிகை ஆபீசில் செய்திகளை வாங்கிப் பக்கத்தில் வைக்கிற பொறுப்பாளரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். அவர் கையில் கொடுத்தாள்.

"நான் போன் பண்ணாம போடாதீங்க."

"எனக்கே பாடம் எடுக்கறியா? போ, போ."

"இன்னொண்ணு எழுதலை. அதனாலதான் சொல்றேன்."

அவர் அதற்குள் அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார்.

தொழிலாளர் அலுவலகத்து வராந்தாவில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு உள்ளே முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி நகர்ந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. வெயில் வராந்தாவை விட்டு இறங்கியபோது கதவு திறந்தது. சங்கத் தலைவர் யாரையும் பார்க்காமல் வந்தார். பின்னால் கமிட்டிக்காரர்கள்.

"என்னாச்சு ஐயா?"

"முதல்ல மூணு மிஷின்னாங்க, அப்புறம் மறுபடி நாலுன்னாங்க. ஏமாத்திட்டாங்கம்மா. அமைச்சரைப் பார்க்கத் தலைநகருக்குப் போறோம், ரயிலுக்கு நேரமாச்சு."

அவர்கள் அந்தப் பக்கம் போக, இவள் எதிர்க்கடைப் போனுக்கு ஓடினாள். அங்கே ஒரு பெரியவர், மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். மருமகனிடம் பேசுகிற மரியாதை வேறு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். "ஐயா, அவசரம்" என்றாள். "எனக்கு என்ன பொழுதுபோகாமலா பேசறேன்?" என்றார் அவர். அவர் வைத்தபின் இவள் சுழற்றினால் ஆபீஸ் போன் பேச்சில் இருந்தது. மறுபடி சுழற்றினாள். அப்போதும் பேச்சில் இருந்தது. ரிசீவரைப் போட்டுவிட்டு, ஓடுகிற பஸ்சில் தொற்றினாள்.

அந்த ஆபீஸ் இருக்கும் தெருமுனையில் இறங்கினாலே மிஷின் ஓடுகிறதா இல்லையா என்பது உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். தரை அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே போய் ஒரு பிரதியை எடுத்தாள். முதல் பக்கம், நடுவில். "ஆலை வேலைநிறுத்தம் முடிந்தது: இன்று முதல் வேலை. நமது நிருபர்."

"போன் பண்ணாம போடாதீங்கன்னேனே" என்று கண்ணாடிக்காரரிடம் கேட்டாள்.

"பக்கத்துல ஓட்டை. மிஷின் காத்துக்கிட்டு நிக்குது. உன்கிட்ட இருந்து வந்தது இது ஒண்ணுதான். ஆகலைன்னு இன்னொண்ணும் கொடுத்திருந்தா எதைப் போடறதுன்னு நிறுத்திக் கேட்டிருப்பேன். ஒண்ணே ஒண்ணு கொடுத்தா, உறுதின்னுதானே அர்த்தம்?"

அவள் பிரதியை அவர் முன்னால் நீட்டினாள்.

"நிறுத்துங்க."

"வெளியூர் வேன் போயாச்சு. நகரப் பதிப்புல எடுத்துடறேன்."

"ஆலைக்காரங்க முக்கால்வாசிப் பேர் நகரத்துக்கு வெளியிலதான் இருக்காங்க. காலையில இதைப் படிச்சுட்டு வேலைக்கு வருவாங்க. கேட்டுல கையெழுத்து வாங்கிடுவாங்க."

"நாளை மறுநாள் உள்பக்கத்துல ஒரு திருத்தம் போட்டுடலாம். ஏன் பதறுற? உன் பேரா போட்டிருக்கு? நமது நிருபர்னா ஊர்ல ஆயிரம் பேர்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேட்டுல போய் நின்னு நம்ம பேப்பர் பொய்னு சொல்லிவைக்காதே. அப்புறம் இந்தப் படி ஏற முடியாது. இந்தப் படி மட்டும் இல்ல, எந்தப் படியும்."

வீட்டுக்கு வந்து, நின்றபடியே எங்களிடம் சொன்னாள். என் மகன் அந்தப் பேப்பரை வாங்கி விளக்கடியில் வைத்து முழுக்கப் படித்தான். மருமகள் பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"தலைவரும் கமிட்டியும் ரயில்ல" என்றான். "விடிஞ்சா கேட்டுல நானும் நாலு பேரும். பேப்பர்லயே வந்திருக்குன்னு வர்றவன்கிட்ட நாங்க இல்லைன்னா, யாரை நம்புவான்?"

"நானும் வர்றேன்."

"நீ வராதே. உன்னைப் பார்த்தா முதல் அடி என்னோடதாத்தான் இருக்கும்."

"அடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போ."

அவன் பேப்பரை மடித்து அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போனான்.

விடியற்காலையில், அவனும் அவளும் நானுமாக ஆலைத் தெருவுக்குத் திரும்புவதற்குள் சங்கு ஊதிற்று. எத்தனையோ வாரம் வாய்மூடிக் கிடந்த சங்கு. என் மகன் அப்படியே நின்றுவிட்டான். மேனேஜர் வீட்டுக்கும் வெளியூர்ப் பதிப்புதான் போகும். படித்தவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல ஆகியிருக்கிறது. கேட்டைத் திறந்து, ஒரு மேஜை போட்டு, கிளார்க்கை உட்காரவைத்து, சங்கையும் ஊதச் சொல்லிவிட்டார்.

நாங்கள் ஓடிப் போனபோது முதல் பஸ்சில் வந்தவர்கள் சிலர், வேலைக்குத் திரும்பும் பதிவு என்று நம்பிக் கையெழுத்துப் போட்டு, உள்ளே போயிருந்தார்கள். கம்பி கேட்டுக்கு அந்தப் பக்கம் முதுகுகள் தெரிந்தன. அதில் ஒருவரை எனக்குத் தெரியும். மிஷினுக்கு எண்ணெய் போடுகிற எண்ணெய்க்காரர், என் ஓரகத்தியின் அண்ணன். பேரன் பேத்தி எடுத்த மனிதர். அடுத்த பஸ் வந்து நின்றது. சாப்பாட்டுத் தூக்கும் மடித்த பேப்பருமாக இறங்கினார்கள். எல்லார் முகத்திலும் முந்தின நாள் காலையில் நான் என் மகனிடம் பார்த்த அதே சிரிப்பு.

என் மகனும் கொட்டகையில் இருந்தவர்களும் கையை விரித்து மறித்தார்கள். "பேச்சு முறிஞ்சு போச்சு. உள்ளே போகாதீங்க. கையெழுத்துப் போடாதீங்க."

"பேப்பர்ல போட்டிருக்கேப்பா."

"பேப்பர் தப்பு."

"பேப்பர் தப்பு, நீ சரியா? தலைவர் எங்கே? கமிட்டி எங்கே? அவங்க முடிச்சுட்டாங்க, உங்களுக்குத்தான் இன்னும் சொல்லலை."

கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. யாரோ என் மகனின் சட்டையைப் பிடித்தார்கள். கேட்டுக்குள் கிளார்க் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். அப்போது துருவி முன்னால் போய், மேஜைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றாள்.

"இதை எழுதினது நான். இது நடக்கலை."

முதலில் சிரித்தார்கள். பொம்பளை ஒருத்தி, தோளில் துணிப்பை, மைக்கறை படிந்த புடவை. "எந்த ஆபீசும்மா? மேனேஜர் ஆபீசா, சங்க ஆபீசா?" என்றான் ஒருவன்.

"பத்திரிகைக்கு எழுதறவ. நேத்து மத்தியானம் எழுதினேன், கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி."

"உன் பேர் எங்கே இதுல?"

"போடமாட்டாங்க."

"அப்ப யார் வேணும்னாலும் வந்து நான்தான்னு சொல்லலாம். நானும்தான் நமது நிருபர்." மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பில் நாலு பேர் அவளைத் தாண்டி மேஜை வரை போய்விட்டார்கள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "பேப்பரைப் பிரிங்க" என்றாள் சிரித்தவனிடம். "நான் சொல்றேன், நீங்க பார்த்துக்கிட்டே வாங்க." கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். முதல் வரியிலிருந்து, நிறுத்தக்குறிக்கு நின்று, பத்தி முடிந்த இடத்தில் மூச்சு விட்டு. அவன் விரல் வரிமேல் ஓடியது. இரண்டாவது பத்திக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தவர்களும் தலையை நீட்டினார்கள். மூன்றாவதில் சத்தம் அடங்கிவிட்டது. மேஜையில் குனிந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இப்ப தலைவர் சொன்னதா வரும், பாருங்க. 'இது தொழிலாளர்களின் ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி, இனி நம் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கும்.' இருக்கா?"

"இருக்கு" என்றான் பேப்பர் வைத்திருந்தவன்.

"அவர் சொல்லலை. நானே அவர் வாய்ல வெச்சேன். அவர் நேத்து என்கிட்ட சொன்னது, ஏமாத்திட்டாங்கம்மான்னு. அதைத்தான் இதுல காணோம்."

பேப்பர் வைத்திருந்தவன் அதை மெல்ல மடித்தான். பிறகு ஒரு குரல், கோபத்தைவிடக் களைப்பாக, "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றது.

"ஆயிடும்னு நினைச்சேன். ஆகணும்னு நினைச்சேன். வேற மாதிரி எழுத மனசு வரலை."

யாரோ ஒருவன் தன் பேப்பரைச் சுருட்டி அவள் முகத்தில் எறிந்தான். கண்ணோரம் பட்டது. அவள் நகரவில்லை. என் மகன் சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். எறிந்தவனைப் பார்த்து, "போதும். அவளுக்கு வேண்டியதை வீட்டுல நாங்க கொடுத்துக்கறோம்" என்றான். அதன்பின் ஒவ்வொருவராகத் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துத் தெருவிலேயே உட்கார்ந்தார்கள். மேஜை வரை போன நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் படியில் வந்து நின்று பார்த்துவிட்டு, அவளிடம் எந்தப் பத்திரிகை என்று கேட்டார். சொன்னாள். அவர் உள்ளே போனார். அவர் யாருக்குப் போன் செய்யப் போகிறார் என்று அவளுக்கும் தெரியும்.

ஆனால் உள்ளே போனவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். செய்தி அவர்களுக்கும் எட்டிவிட்டது. வெளியே வந்தால் கருங்காலி என்பார்கள், உள்ளே இருந்தால் நாலு மிஷின். நண்பகலுக்குள் தெருவில் இருந்த களைப்பு கோபமாகத் திரும்பியது. "வரட்டும், சாயங்காலம் இந்த வழியாத்தானே வரணும்" என்று ஒருவன் கல்லைக் காலால் உருட்டிக்கொண்டே சொன்னான். துருவி வெயிலில் கேட்டுக் கம்பி ஓரமே நின்றாள். நான் கொண்டுபோன தண்ணீரை மட்டும் குடித்தாள்.

ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியதும் தெருவில் இருந்தவர்கள் எழுந்தார்கள். கேட் திறந்தது. உள்ளிருந்தவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். முன்னால் எண்ணெய்க்காரர். துருவி போய் அவர் பக்கத்தில் நடந்தாள்.

"தள்ளிப் போம்மா" என்றார் அவர், உதடு அசையாமல். "உன்னால வந்தது போதும்."

"என்னால வந்ததுதான். அதான் நடக்கறேன்."

கல்லை உருட்டிக்கொண்டிருந்தவன் குறுக்கே வந்தான். அவள் அவனிடம், "இவங்க என்னை நம்பி உள்ளே போனாங்க. நீங்க ஒரு பஸ் முன்னாடி வந்திருந்தா நீங்களும் உள்ளேதான் இருப்பீங்க" என்றாள். அவன் வாயைத் திறந்தான். எந்தப் பஸ்சில் வந்தோம் என்று யோசித்தானோ என்னவோ, ஒதுங்கினான். வசவுகள் வந்தன, கல் வரவில்லை. அந்தத் தெருவைத் தாண்ட ஒரு யுகம் ஆயிற்று.

எண்ணெய்க்காரர் வீடுவரை அவள் போனாள். நானும் என் மகனும் பின்னால் போனோம். வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். சேதி முன்பே வந்துவிட்டது. அக்கம்பக்கத்துக் கதவுகள் பாதி திறந்திருந்தன.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்று அவரைக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்தார். பிறகு துருவியைப் பார்த்தாள். "நீதானா அது?"

"நான்தான்."

"இத்தனை பேர் முன்னாடி சொன்னியாமே. லேபர் ஆபீசர் முன்னாடி சொல்லுவியா? செய்தி பொய், அதை நம்பித்தான் இந்த மனுஷன் போட்டார்னு?"

"சொல்றேன்."

"எழுதிக் கொடுப்பியா?"

"கொடுக்கறேன்."

"அங்கே உன் பேப்பர்காரங்களும் இருப்பாங்களே."

"இருப்பாங்க."

அந்தம்மா கதவை அகலத் திறந்தாள். "அப்ப உள்ளே வா. இப்பவே எழுது, நான் பார்க்கணும்" என்று வாசலை விட்டு விலகினாள்.

மறுநாள் அந்தக் காகிதத்தைத் தொழிலாளர் அதிகாரியிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே எழுதிய செய்தி என்று அவள் வாயாலேயே சொன்னதால், அன்று வாங்கிய கையெழுத்துகள் செல்லாது என்று அதிகாரி எழுதிவிட்டார். எண்ணெய்க்காரர் கொட்டகைக்குத் திரும்பினார். முதல் இரண்டு நாள் அவருக்கு யாரும் இடம் விடவில்லை, மூன்றாம் நாள் விட்டார்கள். வேலைநிறுத்தம் மேலும் பல வாரம் இழுத்து, மூன்று மிஷினில் முடிந்தது. ஜெயித்தோம் என்றும் சொல்ல முடியாது, தோற்றோம் என்றும் சொல்ல முடியாது.

கண்ணாடிக்காரர் சொன்னபடியே எந்தப் படியும் அவளை ஏற்கவில்லை. ராசிபலன்கூட வேறு ஆளுக்குப் போயிற்று. அவள் ஒரு நாள் எண்ணெய்க்காரர் வீட்டுக்குப் போய், அன்று உள்ளே இருந்த பகல் பூரா என்ன நினைத்தீர்கள் என்று கேட்டாள். அவர் சொல்லமாட்டேன் என்றார். அடுத்த வாரமும் போனாள். நாலாம் தரம் போனபோது அவர் நாற்காலியைக் காட்டினார். அவளுடைய முதல் புத்தகம் அந்த நாற்காலியில் ஆரம்பித்தது.